ஹேமர் நின்ற வாரத்தில் பூமி ஆடியது

முதலில் ஆடியது மீன் தொட்டிதான்.

எங்கள் கம்பெனி ரிசப்ஷனில் வாசலுக்கு நேராக ஒரு மீன் தொட்டி உண்டு. வாஸ்துக்காக வாங்கி வைத்தது. அதிலிருந்த தங்க நிற மீன்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, தவறாமல் புதுத் தண்ணீர். காண்ட்ராக்ட் தொழிலாளிகள் அந்தத் தொட்டியைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அன்று நாஷ்டா முடிந்து, மதியச் சாப்பாட்டு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. தொட்டித் தண்ணீர் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து ஏறியது. அப்புறம் மறுபக்கம் ஏறியது. ஒரு மீன் தண்ணீரோடு வெளியே வந்து விசிட்டர் சோபாவில் விழுந்து துள்ளியது.

எனக்குத் தலை சுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். என் நாற்காலி சக்கரம் வைத்தது. அது தானாக மேஜையை விட்டு நகர்ந்து, தானாகவே திரும்பி வந்தது. சுவரில் மாட்டியிருந்த 'பாதுகாப்பில் சிறந்த தொழிற்சாலை' என்ற பாராட்டுப் பத்திரம் கண்ணாடியோடு கழன்று என் காலடியில் விழுந்து நொறுங்கியது.

மேஜையைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் போன் அடித்தது. என்ன ஆனாலும் மூன்றாவது மணிக்குள் போனை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஜி.எம். உத்தரவு. எடுத்தேன்.

"ஜெசிந்தா! ஆடுதுமே! நல்லா ஆடுதுமே! மாட்னாங்கமே உங்க கம்பெனிக்காரங்க!"

என் மாமியார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பிள்ளை பிறந்த செய்தியைக் கேட்டபோதுகூட அவர் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

சென்னையில் என் சித்தி மகள், அடுப்பிலிருந்த குக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து தெருவுக்கு ஓடி வந்தாளாம். இங்கே என் மாமியார் கைதட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரில் நான் முன்னால் போனதைவிடப் பின்னால் போனதுதான் அதிகம் என்று பத்திரிகை ஆசிரியர் ஏற்கெனவே குறைப்பட்டுக்கொண்டார். பொறுத்துக்கொள்ளட்டும்.

கை வைக்கும் குடும்பம்

நான் ஆரணிக்காரி. பட்டுச்சேலை ஆரணி இல்லை, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தால் பரபரப்பு. மற்றபடி பூமி அதன் பாட்டுக்குக் கிடக்கும்.

கல்யாணமாகி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் மதில் சுவரை ஒட்டிய காலனிக்கு வந்தேன். வந்த மறுநாள் காலை எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கோ சங்கு ஊதியது. பேசிக்கொண்டிருந்த மாமியார் பேச்சை நிறுத்தாமலே எழுந்து, அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் மேல் கை வைத்தார். என் வீட்டுக்காரர் டேவிட் டி.வி.யின் மேல் கை வைத்தார். நாத்தனார் தண்ணீர்க் குடத்தின் மேல் கை வைத்தாள்.

ஜெபம் பண்ணுகிற குடும்பம் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். பொருட்களை ஆசீர்வதிக்கிற வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மரியாதைக்கு நானும் பக்கத்திலிருந்த பிரிட்ஜின் மேல் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன்.

தொம்!

பிரிட்ஜ் என் கைக்கடியில் ஒரு குதி குதித்தது. நான் அதைவிட உயரமாகக் குதித்தேன்.

"பயப்படாதமே. பின்னாடி கம்பெனி ஹேமரு" என்றார் மாமியார். "மொத நாலஞ்சி அடிக்குத்தான் கை வெக்கணும். அப்பால சாமானுக்கே பழகிப்பூடும்."

ஹேமர் என்றால் ஆணி அடிக்கிற சுத்தியல் இல்லை. லாரிகளுக்கான உதிரிப் பாகம் செய்கிற கம்பெனி அது. இரும்பைச் சிவக்கக் காய்ச்சி ஒரு மேடையில் வைப்பார்கள். மேலேயிருந்து ஆள் உயர இரும்புக் கட்டி ஒன்று அதன் தலையில் விழும். விழுந்து எழுந்து மறுபடி விழும். மேடைக்குக் கீழே பூமி இருக்கிறது, பூமிக்கு மேலே எங்கள் காலனி இருக்கிறது என்பதை ஹேமரை அங்கே நட்டவர்கள் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

காலனியில் எல்லாமே ஹேமரை அனுசரித்துத்தான் நடக்கும். படங்களுக்கு இரண்டு ஆணி. குழம்பைத் தளும்பத் தளும்ப வைக்க மாட்டோம். கைக்குழந்தைகள் தொம் தொம் என்று கேட்டால்தான் தூங்கும். கம்பெனிக்கு லீவு விட்டால் காலனி முழுக்கக் குழந்தைகள் அழும். வேறு ஊரில் மழை இல்லை என்று கவலைப்படுவது போல, எங்கள் ஊரில் "இன்னா இன்னும் அடியக் காணோம்" என்று கவலைப்படுவார்கள்.

பின்சுவர்

என் மாமியார் பெயர் சாந்தம்மா. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இந்தத் தொழிற்பேட்டை நிலமெல்லாம் வயலாக இருந்த காலத்தில் அவர் அடுத்தவர் வயலில் களையெடுத்தவர். வயல் போய்க் கம்பெனி வந்ததும், வேறொரு கம்பெனியின் தோட்டத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். "அப்பவும் புல்லுதான் புடுங்கினேன். இப்பவும் புல்லுதான் புடுங்கறேன். இப்ப யூனிபார்ம் போட்டுக்கினு புடுங்கறேன். அதான் முன்னேத்தம்" என்பார்.

அப்படிப் புல் பிடுங்கிக் கட்டியதுதான் அந்த வீடு. ஓலைக்குடிசையை இடித்துவிட்டு, செங்கல் செங்கலாகச் சேர்த்து, தளம் போட்ட வீடு. அவர் வம்சத்தில் தளம் போட்ட வீட்டில் படுத்த முதல் ஆள் அவர்தான். தளம் போட்டு முட்டுப் பிரித்த அன்று, வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஓடிவந்து ஒழுகுகிறதா என்று பார்த்தாராம். ஒழுகவில்லை என்றதும் உட்கார்ந்து அழுதாராம். இதை டேவிட்தான் என்னிடம் சொன்னார். மாமியார் இதுபற்றிப் பேசவே மாட்டார்.

அந்த வீட்டின் பின்சுவரில்தான் விரிசல் விட்டது. முதலில் தலைமுடி போல இருந்தது. அப்புறம் விரல் நுழைகிற அளவு. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, பூசி மறைச்சா பிரயோஜனம் இல்ல. ஆட்டம் நிக்கணும். நிக்கலன்னா இந்தச் செவுரு போவும். செவுரு போனா தளம் தானா எறங்கும்" என்றார்.

ஆட்டத்தை நிறுத்த வேண்டியது கம்பெனி. சுவரைக் கட்டித் தர வேண்டியதும் கம்பெனி. இந்த இரண்டையும் வாங்காமல் விடுவதில்லை என்று சாந்தம்மா கிளம்பினார். கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், எங்கே மனுநாள் என்றாலும் முதல் வரிசையில் உட்காருவார். எங்கள் தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் அதே கதைதான். ஆனால் மற்றவர்கள் வேலை இருக்கிறது என்று போய்விடுவார்கள். இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போவார்.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். அந்தக் கம்பெனியின் ரிசப்ஷனில்தான் நான் வேலை பார்த்தேன்.

அதிர்வு போன்ற ஓர் உணர்வு

எங்கள் ஜி.எம். பெயர் சந்திரமௌலி. தினமும் சென்னையிலிருந்து காரில் வருவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சில வார்த்தைகள் அவருக்கு ஆகாது, அவ்வளவுதான். 'விபத்து' என்று சொல்லக்கூடாது, 'நிகழ்வு' என்று சொல்ல வேண்டும். 'அதிர்வு' என்ற சொல் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது.

"அது அதிர்வு இல்லம்மா" என்று எனக்குப் பாடம் எடுத்தார். "அதிர்வு மாதிரி ஒரு ஃபீலிங். மக்களுக்கு அப்படித் தோணுது. யாராவது போன் பண்ணினா, அப்படி எதுவும் பதிவாகலைன்னு பொலைட்டா சொல்லணும்."

சொன்னேன். தினமும் சொன்னேன். யாரிடம்? என் மாமியாரிடம்.

"ஹலோ, கம்பெனியா? எங்க ஊட்டு செவுரு ஆடுது. உங்க ஹேமர நிறுத்துங்க."

"வணக்கம் மேடம். அப்படி எந்த அதிர்வும் எங்களிடம் பதிவாகவில்லை மேடம்."

"அடி எவடி அவ, காலைல நீதானடி சட்டினி கிண்ணத்தப் புடிச்சிக்கினு குந்தியிருந்த?"

"தங்கள் புகாருக்கு நன்றி மேடம்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இருவரும் அதைப் பற்றி நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "இன்னிக்கு கம்பெனில ஒருத்தி எங்கிட்ட ரொம்ப மருவாதியா பேசினா. நல்லா வளர்த்துக்கீறாங்க" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். பின்சுவரை ஒட்டித்தான் நாங்கள் படுத்துத் தூங்குகிறோம். விழுந்தால் என் பிள்ளை மேலும்தான் விழும்.

மிஷின் வந்தது, ஹேமர் நின்றது

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஹேமர் அடித்து நகராத அதிகாரிகள் சாந்தம்மா அடித்ததில் நகர்ந்தார்கள். மாவட்டத்திலிருந்து முருகவேல் என்று ஒரு பொறியாளர், அதிர்வை அளக்கிற மிஷினோடு வந்தார். சின்னப் பெட்டிதான். ஒரு வாரம் அதை எங்கள் பின்சுவரின் அடியில் வைத்துப் பதிவு செய்வார். அளவு மிஞ்சினால் கம்பெனி ஹேமரின் அடித்தளத்தை மாற்ற வேண்டும், வீடுகளைச் சரிசெய்து தர வேண்டும். மிஞ்சவில்லை என்றால் மனு தள்ளுபடி. இனி அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, மிஷினுக்காகப் பின்னறையைக் கழுவி விட்டார் மாமியார். திங்கட்கிழமை காலை மிஷின் வைத்தாயிற்று. சங்கு ஊதியது. காலனியே பெருமையோடு சாமான்கள் மேல் கை வைத்தது.

ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஜி.எம். ஹேமரை நிறுத்திவிட்டார். அதுவும் எப்படி? ஹேமர் ஷெட்டின் காற்றாடிகளை எல்லாம் ஓடவிட்டு, ஒரு ஃபோர்க்லிப்ட் வண்டியை வெறுமனே முன்னாலும் பின்னாலும் ஓட்டி, பீப் பீப் என்று சத்தம் வரச் செய்தார். தூரத்திலிருந்து கேட்டால் உள்ளே ராப்பகலாக உற்பத்தி நடப்பது போலவே இருக்கும்.

முருகவேல் சந்தேகப்பட்டு ரிசப்ஷனுக்கு வந்து கேட்டார். பாவம், வெளியூர்க்காரர். எங்கள் ஹேமரின் குரல் அவருக்குத் தெரியாது.

"ஹேமர் ஓடுதா சார்? சத்தம் வரலையே?"

"ஓடுதே! ஃபுல் ஷிப்ட் ஓடுது" என்றார் ஜி.எம். "லேட்டஸ்ட் டெக்னாலஜி சார். சத்தமே வராது. அதைத்தான் நாங்க வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கோம்."

நான் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மாமியார் கொதித்துப்போயிருந்தார். "நிறுத்திட்டானுங்க சார், வோணும்னே நிறுத்திட்டானுங்க" என்று முருகவேலிடம் சொன்னார். அவர், "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார். "கொழந்தைங்க தூங்கல சார். அதவிட இன்னா ஆதாரம் வேணும்?" என்றார் இவர். முருகவேல் பரிதாபமாகத் தலையாட்டினார். குழந்தைகளின் தூக்கத்தை எழுத அவர் படிவத்தில் இடமில்லை.

செவ்வாய், புதன் என்று நாட்கள் போயின. பெட்டி சும்மா கிடந்தது. என் மாமியார் அதன் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"நல்லா எழுது மிஷினே!"

வியாழக்கிழமைதான் பூமி ஆடியது.

மீன் சோபாவில் விழுந்ததையும் பத்திரம் உடைந்ததையும் முதலில் சொன்னேன். அதே நேரத்தில் காலனியில் நடந்ததைத் தெருக்காரர்கள் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தரை ஆடியது. பாத்திரங்கள் உருண்டன. உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும் ஜனங்கள் அலறியிருப்பார்கள். எங்கள் காலனி ஆரவாரம் செய்தது. 'ஹேமர் ஓடிவிட்டது! மிஷின் இருக்கும்போதே ஓடிவிட்டது!' ஆர்டர் நெருக்கடியில் எவனோ மறந்துபோய்ப் போட்டுவிட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். பூமி தானாக ஆடும் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்? வருடக்கணக்கில் அதை ஆட்டியவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியுமே. சத்தம் வரவில்லை என்பதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை.

ஓட வேண்டியவர்கள் ஓடவில்லை. ஆளாளுக்குச் சுவரில் கை வைத்து, ஆட்டத்தை ரசித்துக்கொண்டு நின்றார்கள். என் மாமியார் மிஷினின் எதிரில் நின்று, "நல்லா எழுது மிஷினே! ஒண்ணு உடாம எழுது!" என்று கத்தினாராம். அப்படியே போனை எடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"ஆடுதுமே! மாட்னாங்கமே!"

எனக்கு மட்டும் தெரியும், ஹேமர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று. ஹேமர் நிற்கும்போது இவ்வளவு பெரிய ஆட்டம் வேறு எதுவாக இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"அத்தே! அது ஹேமர் இல்ல அத்தே! வெளிய வாங்க! சீக்கிரமா வெளிய வாங்க!"

"யார ஏமாத்தப் பாக்கற? எந்த அதிர்வும் பதிவாகலன்னு சொல்லப் போறியா?"

"ஐயோ அத்தே, சாமி சத்தியமா சொல்றேன், வெளிய..."

தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. போன் நின்றுவிட்டது.

திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. டேவிட் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஷிப்டில் இருந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தில். நான் போனைப் போட்டுவிட்டுக் கேட்டை நோக்கி ஓடினேன். ஓடும்போது வாய்விட்டு அழுதேன் என்று செக்யூரிட்டி பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

தண்ணீர் டேங்க் அடியில் ஒரு கூட்டம்

எங்கள் கம்பெனியில் ஆபத்துக் காலப் பயிற்சி மாதாமாதம் நடக்கும். மணி அடித்தால் எல்லோரும் ஓடிப்போய் ஒரே இடத்தில் கூட வேண்டும். நிழல் வேண்டும் என்பதால் அந்த இடத்தைப் பெரிய மேல்நிலைத் தண்ணீர் டேங்கின் அடியில் வைத்திருந்தார்கள். ஆகவே பூகம்பம் வந்ததும், கம்பெனி மொத்தமும் ஒழுங்காக வரிசையில் போய், லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீருக்குக் கீழே நின்றுகொண்டது. மேலேயிருந்து தண்ணீர் தளும்பித் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அசையவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விதி என்றால் விதிதான்.

நான் கேட்டை அடைந்தபோது எதிரில் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு வெள்ளை உருவம். தலை, புடவை எல்லாம் சுண்ணாம்புத் தூள். அது என் மாமியார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்துருமே. எனுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். "வாசப்படிக்கு வந்துட்டேன். செவுருதான் பூட்ச்சி."

பின்சுவரின் மேல்பாதி விழுந்துவிட்டது. தளம் ஒரு மூலையில் இறங்கிவிட்டது. சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. பக்கத்தில், அன்று ரீடிங் பார்க்க வந்திருந்த முருகவேல், செங்கல்லுக்குள்ளிருந்து எடுத்த மிஷினைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. ஜி.எம். சொட்டச் சொட்ட நனைந்து எதிரே வந்தார்.

"வோணும்னே அடிச்சீங்களா? ஊட்டுல ஆளுங்க கீறப்பவே அடிச்சீங்களா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"அம்மா, இது எர்த்க்வேக்! பூகம்பம்! நியூஸ்ல வந்துட்டிருக்கு!" என்று ஜி.எம். செல்போனைத் தூக்கிக் காட்டினார்.

"பூகம்பமாம் பூகம்பம்! எங்க ஊர்ல எந்தக் காலத்துல பூகம்பம் வந்துச்சி? டெய்லி வர்றது உங்க ஹேமருதான்!" என்றார் என் மாமியார். "மிஷின்ல எல்லாம் பதிவாயிகீது! இனிமே ஆட்டமே இல்லன்னு சொல்லு பாப்போம்!"

முருகவேலும் இறுக்கமான முகத்தோடு சொன்னார்: "சார், ஃபுல் ஷிப்ட் ஓடுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ரீடிங் ரொம்ப அதிகமா இருக்கு. இது உங்க ஹேமர் இல்லைன்னு நான் எப்படி எழுதுறது?"

காலனிச் சுவர்கள் எல்லாம் தன் தலையில் விழப்போகின்றன என்று ஜி.எம்.முக்குப் புரிந்துவிட்டது. மனிதர் நிதானம் தவறிவிட்டார்.

"ஐயோ, ஓடலை சார்! சத்தியமா ஓடலை! திங்கட்கிழமைலேர்ந்து ஹேமரை நிறுத்தித்தான் வெச்சிருக்கோம்! வேணும்னா வந்து தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கும்!"

சொல்லி முடித்ததும்தான் அவருக்கே காதில் விழுந்தது.

டேங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஃபோர்க்லிப்ட்காரர், நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால், இன்னும் பீப் பீப் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமைலேர்ந்தா சார்?" என்றார் முருகவேல், மெதுவாக.

எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஹேமர் சாதுவாக நின்றது. அதன் மேல் யாரோ பனியன் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். முருகவேல் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்தது. ஜி.எம். அன்று சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

திரும்பி வரும்போது ஜி.எம். என்னிடம் கேட்டார்: "அந்த அம்மா யாரும்மா?"

"எங்க மாமியார் சார்."

"இத்தனை நாளா சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

ஒரு நன்றியுரை

மிச்சக் கதை சுருக்கம்தான். அந்த வாரத்துப் பதிவு செல்லாது என்று முருகவேல் எழுதினார். மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை அவர் ஹேமரின் பக்கத்திலேயே ஆள் போட்டு, அது அடிக்கிறதா என்று பார்த்தார். அடித்தது. காலனிக் குழந்தைகள் நன்றாகத் தூங்கின. அளவு மிஞ்சியது. கம்பெனி ஹேமரைத் தூக்கி, அடியில் ஆட்டத்தை வாங்கிக்கொள்கிற புது அஸ்திவாரம் போட்டது. காலனியில் எல்லாச் சுவர்களையும் கட்டிக் கொடுத்தது. அதுவரை நாங்கள் ஆரணியில் என் அம்மா வீட்டில் இருந்தோம். என் மாமியார் மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இடிந்த வீட்டின் எதிரே தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொண்டார். வீட்டைத் தனியாக விட அவருக்கு மனம் வரவில்லை.

வேலை முடிந்ததும் கம்பெனி ஒரு விழா வைத்தது. காலனி நடுவில் பந்தல், நாற்காலி, பெரிய பேனர். பேனரில் எழுதியிருந்தது: 'நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மனிதநேய உதவி.' ஹேமர் என்ற வார்த்தையே இல்லை. பழி மொத்தமும் பூமியின் மேல்.

தொகுத்து வழங்கியது நான்தான். வேறு யார்? ஜி.எம். முன்தினமே கூப்பிட்டு, "உங்க மாமியார் ரெண்டு வார்த்தை நன்றி சொன்னா நல்லா இருக்கும்" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். பேனர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். "சொல்லிட்டா போச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அதுதான் எனக்கு நிம்மதியைக் கெடுத்தது.

மேடையேறினார். போட்டோக்காரர் கேட்டுக்கொண்டதற்காக, ஜி.எம். தானே மைக்கை எடுத்து என் மாமியாரின் வாய்க்கு நேராகப் பிடித்தார். சிரித்த முகம். பிளாஷ் மின்னியது.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க. கண்ண மூடுங்க. ஜெபம் பண்ணுவோம்" என்றார் சாந்தம்மா.

கூட்டம் எழுந்தது. ஜி.எம். இடமும் வலமும் பார்த்தார். கம்பெனிப் பெரியவர்கள் எல்லோரும் கண்ணை மூடிவிட்டதைப் பார்த்து அவரும் மூடிக்கொண்டார். நான் மட்டும் மூடவில்லை.

"ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்தச் செவுருக்கு ஸ்தோத்திரம். இத்தினி வருசமா எங்க ஊடு ஆடுதுன்னு நாங்க சொன்னப்ப யாரும் நம்பல. நீர் ஒரே ஒரு தபாதான் ஆட்டினீர், ஐயா வாயத் தொறந்து உண்மையச் சொல்லிட்டாரு. அந்த ஒரு ஆட்டத்துக்கு உமக்கு ஸ்தோத்திரம்."

எங்கோ பின்னால் ஒருவர் "அல்லேலூயா" என்றார். ஜி.எம். மைக்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். ஆனால் ஜெபத்தின் நடுவில் மைக்கைப் பிடுங்குகிற துணிச்சல் யாருக்கு வரும்?

"இங்க பேனர்ல உம்ம மேல பழி போட்டு எழுதிக்கீறாங்க ஆண்டவரே. எங்க ஊட்ட நீர் ஒடைக்கல. நீர் கை வெக்கறதுக்கு முன்னாடியே அது பாதி செத்துப்போயி கெடந்துச்சி. அது உமக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். பக்கத்துல கண்ண மூடிக்கினு நிக்கிற ஐயாவுக்கும் தெரியும். தெரியாத மாரி எழுதினவங்கள மன்னியும். எங்க புள்ளிங்கள இந்தத் தளத்துக்கு அடியில பயமில்லாம தூங்கப் பண்ணும். ஆமென்."

"ஆமென்" என்றது காலனி. "ஆமென்" என்றார்கள் கம்பெனிப் பெரியவர்கள். நானும் சொன்னேன்.

ஜி.எம். ஆமென்தான் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கேட்டது. மைக் அவர் கையில் இருந்ததே.